மந்திரக் கதை படித்தால் மாந்திரீகத்தில் ஆசை வருமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை வருவார்கள். மந்திரவாதிப் பள்ளி, பேசும் சிங்கம், டிராகன் என்று எதையாவது வாசித்த நாளில், பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகும் பெற்றோரில் ஒருவர் தயங்கித் தயங்கி நிற்பார். என்ன கேட்கப் போகிறார் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. பையன் ஹாரி பாட்டர் வேணும்னு அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எட்டு, ஒன்பது வயதுக்கு முதல் இரண்டு புத்தகங்கள் பொருந்தும். அதன்பிறகு கதை இருண்டுகொண்டே போகிறது. நான்காவது புத்தகத்தின் முடிவில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். மந்திரத்தைவிட இதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்பேன்.

மந்திரத்தைப் பற்றிக் கேட்டால் என் சுருக்கமான பதில் இது: கதையில் வரும் மந்திரம் பிள்ளையை மாந்திரீகத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் "அப்படின்னா பயமே வேண்டாமா?" என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கீழே போகப்போகச் சொல்கிறேன்.

2. மந்திரம்னா மந்திரம்தானே மேடம்? கதையில வந்தா என்ன, நிஜத்துல வந்தா என்ன?

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான். வழிபாட்டில் ஓதுவதும் மந்திரம், மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுப்பவர் முணுமுணுப்பதும் மந்திரம், பகைவனுக்குச் சூனியம் வைப்பதாகச் சொல்லிக்கொள்பவர் சொல்வதும் மந்திரம். அரசனுக்கு ஆலோசனை சொல்பவர் மந்திரி ஆனதும் அதே சொல்லிலிருந்துதான். பெயர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

கதை மந்திரம் என்பது அந்தக் கதை உலகத்தின் விதி. அங்கே கம்பளம் பறக்கும், அவ்வளவுதான். மாந்திரீகம் என்பது நம் உலகத்தில் ஒன்று பலிக்கும் என்று ஒரு ஆள் உங்களிடம் சொல்வது. அவருக்கு உங்கள் நம்பிக்கை வேண்டும். பெரும்பாலும் பணமும் வேண்டும். "யாரிடமும் மூச்சுவிடாதே" என்ற நிபந்தனையும் கூடவே வரும். நாவல் இவற்றில் எதையும் கேட்பதில்லை. ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மந்திர சக்தி பிறவியிலேயே அமைவது. ஆசைப்பட்டு மந்திரவாதிப் பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கேட்ட ஹாரியின் பெரியம்மாவுக்கே இடம் கிடைப்பதில்லை. படித்தால் உனக்கும் வரும் என்று கதைகூடச் சொல்லவில்லை.

3. குழந்தைக்கு எது கதை, எது நிஜம்னு தெரியுமா?

நாம் நினைப்பதைவிட நன்றாகவே தெரியும். ஆனால் தெரிவது வேறு, பயம் வராமல் இருப்பது வேறு. உளவியலாளர் பால் ஹாரிஸும் அவரது குழுவினரும் 1991-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் காலிப் பெட்டிகளைக் காட்டி, ஒன்றுக்குள் ஒரு முயலோ ஒரு பூதமோ இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். "உள்ளே நிஜமாகவே இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை, சும்மா என்றுதான் குழந்தைகள் சொன்னார்கள். ஆய்வாளர் வெளியே போனதும் பல குழந்தைகள் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். பூதத்தைக் கற்பனை செய்த சில சின்னப் பிள்ளைகள் அவரை வெளியே போகவே விடவில்லை.

பூதம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் ஒருவேளை இருந்துவிட்டால்? பெரியவர்களும் இதைத்தான் செய்கிறோம். பேய்ப் படம் பார்த்த இரவில் குளியலறை விளக்கை ஒரு நிமிடம் கூடுதலாக எரியவிடுகிறோம். தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்கிறார். மனிதருக்கு இரண்டிலும் கால் வைத்து நிற்கத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். எட்டு வயதுக்கு மேல் தானாக நாவல் வாசிக்கிற பிள்ளை இந்த வேறுபாட்டைக் கடந்து வந்த பிள்ளை.

4. அதில் வருகிற மந்திரங்கள் உண்மையான சூனிய மந்திரங்களாமே?

இல்லை. ஹாரி பாட்டரில் வருபவை பெரும்பாலும் லத்தீன் சொற்களை வைத்து விளையாடியவை. வெளிச்சம் வரவைக்கும் 'லூமோஸ்', லத்தீனில் ஒளியைக் குறிக்கும் 'லூமென்' என்ற சொல்லின் சாயல். 'எக்ஸ்பெக்டோ பேட்ரோனம்' என்றால் ஏறக்குறைய "ஒரு காவலனை எதிர்பார்க்கிறேன்" என்று பொருள். பிள்ளைக்கு இதனால் பத்து லத்தீன் வேர்ச்சொல் தெரியவந்தால் லாபம்தான். கொலை மந்திரம் மட்டும் 'அப்ரகடப்ரா' என்ற பழைய சொல்லின் ஒலியை நினைவூட்டும். அந்தச் சொல்லை ரோமானியர் காலத்தில் காய்ச்சல் தீர எழுதிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொல்வதற்கு அல்ல, குணமாக்குவதற்கு.

ஒரு இடத்தில் மட்டும் நிஜ ஆள் ஒருவர் வருகிறார். நிக்கோலாஸ் ஃப்ளமெல். பாரிஸில் கையெழுத்துப் பிரதிகள் எழுதி விற்று வாழ்ந்து 1418-ல் இறந்தவர். அவர் பெயரில் உலவும் ரசவாத நூல்கள் எல்லாம் அவர் செத்து நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. 1407-ல் கட்டப்பட்ட அவருடைய வீடு பாரிஸில் இன்றும் நிற்கிறது. எங்கள் வாசிப்பில் ஒரு பையன் இவரைத் தேடிப் போய்க் கடைசியில் தனிம அட்டவணையில் போய் நின்றான். ஈயத்தை ஏன் தங்கமாக்க முடியாது என்று கேட்டான். ஆர்வம் வருகிறது என்பது உண்மைதான். அது எங்கே போகிறது என்பதைக் கூட இருந்து பார்க்க வேண்டும்.

இன்றைக்கு 'விக்கா' என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகு, ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் 1954-ல் எழுதிய நூல் வழியாக வெளியே தெரிந்த சமயம் அது. இயற்கை, பருவகாலம், சடங்கு என்று போகும். பறக்கும் துடைப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

5. இந்த நாவல்களால லட்சக்கணக்கான குழந்தைகள் சாத்தானை வழிபட ஆரம்பிச்சதா படிச்சேனே?

நீங்கள் படித்தது ஒரு நகைச்சுவைக் கட்டுரையின் வழித்தோன்றலாக இருக்கும். அமெரிக்காவின் 'தி ஆனியன்' என்ற கேலிப் பத்திரிகை 2000-ல் அப்படி ஒரு பொய்ச் செய்தியைச் சிரிக்க வைப்பதற்காகவே எழுதியது. குழந்தைகள் சொன்னதாக அதில் வரும் மேற்கோள்கள் எல்லாம் கட்டுக்கதை. யாரோ அதை உண்மை என்று நம்பி மின்னஞ்சலில் அனுப்ப, தொடர் அஞ்சலாக உலகம் சுற்றிவிட்டது.

இதில் என்னைச் சிரிக்கவும் வருந்தவும் வைப்பது ஒன்றுதான். கதையை நிஜம் என்று நம்பியவர்கள் இங்கே பெரியவர்கள்.

6. சரி, ஆராய்ச்சி என்ன சொல்லுது? சுற்றி வளைக்காம சொல்லுங்க.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. முதல் ஹாரி பாட்டர் படத்திலிருந்து மந்திரம் வரும் காட்சிகளைச் சில குழந்தைகளுக்கும், மந்திரம் இல்லாத காட்சிகளை வேறு சிலருக்கும் காட்டினார்கள். மந்திரக் காட்சிகளைப் பார்த்தவர்கள் படைப்பாற்றல் சோதனைகளில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். சில நிமிடக் காட்சிகளின் உடனடி விளைவைத்தான் இது காட்டுகிறது. வருடக்கணக்கில் வாசிப்பதைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆதரவாளர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு. இந்த ஒரு நாவல் தொடர் மட்டும் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 1997-ல் முதல் புத்தகம் வந்தபோது படித்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். நாவலுக்கு அப்படி ஒரு இழுப்பு இருந்திருந்தால், இத்தனை கோடிப் பேரில் ஒரு சிறு பங்கினர் போயிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மறுபக்கமும் பாருங்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692-ல் சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றம் சாட்டியவர்களில் ஒன்பது, பதினோரு வயதுச் சிறுமிகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த மாயக்கதை நாவலும் படித்தவர்கள் அல்ல. அன்றைக்குக் குழந்தைகளுக்கு அப்படி ஒரு இலக்கியமே கிடையாது. சூனியத்தைப் பற்றி அவர்கள் கேட்டதெல்லாம் அதை முழுக்க நிஜம் என்று நம்பிய பெரியவர்களின் வாயிலிருந்து.

7. நெருப்பில்லாம புகையுமா? இத்தனை நாட்டுல எதிர்த்திருக்காங்களே!

எதிர்த்தது உண்மை. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட கணக்கில் 2000 முதல் 2009 வரை அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல்களில் முதல் இடம் ஹாரி பாட்டருக்குத்தான். 2002-ல் ஐக்கிய அரபு அமீரகம் தனியார் பள்ளிகளில் தடை செய்தது. 2019-ல் போலந்தில் பாதிரியார்கள் எரித்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். 2001 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோவில் ஒரு சபை எரித்தது. அந்தச் சபையின் போதகர் தான் அந்த நாவல்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அர்கன்சா மாநிலத்தின் சீடர்வில்லில் நடந்தது இன்னும் சுவாரசியம். 2002-ல் பள்ளி நிர்வாகக் குழு, பெற்றோர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால்தான் நூலகத்தில் இந்தப் புத்தகம் கொடுக்கப்படும் என்றது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தப் புத்தகத்தால் பள்ளியில் என்ன கெடுதல் நடந்தது என்று கேட்டபோது, நிர்வாகிகளிடம் காட்ட ஒரு சம்பவம்கூட இல்லை. 2003-ல் புத்தகங்கள் பழைய அலமாரிக்கே திரும்பின. புகை நிறைய இருந்தது. நெருப்பைத் தேடிப் போனால் அங்கே பலர் நின்று கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

8. எங்க மதத்துல மாந்திரீகத்துக்குத் தடை இருக்கு. நாங்க என்ன பண்றது?

இது வேறு வகைக் கேள்வி. இதைக் கேட்பவர்களைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. பைபிளில் உபாகமம் 18-ம் அதிகாரம் குறி சொல்வதையும் இறந்தவர்களிடம் விசாரிப்பதையும் நேரடியாகத் தடுக்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102-ம் வசனம் சூனியம் கற்பதைக் கண்டிக்கிறது. நம்புகிறவருக்கு இது விளையாட்டு இல்லை. நாவலால் கெடுதல் வருமா என்பதற்கு ஆதாரம் தேடலாம். கற்பனையில்கூட அதை ரசிக்கக் கூடாதா என்பது நம்பிக்கை சார்ந்தது, அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் மதத்துக்கு உள்ளேயே ஒரே கருத்து இல்லை. 2003-ல் வத்திக்கானில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் ஒரு பாதிரியார் இந்த நாவல்களில் பிரச்சினை இல்லை என்றார். அதே ஆண்டில், பின்னாளில் போப் ஆன கர்தினால் ராட்சிங்கர், இவற்றை விமர்சித்து நூல் எழுதிய ஒருவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். ஆக, உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது. என் வாசிப்புக்கு வரும் பிள்ளையின் பெற்றோர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேறு கதை எடுப்பேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: "எங்கள் நம்பிக்கைப்படி இது வேண்டாம்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். "இதைப் படித்தால் பிசாசு பிடிக்கும்" என்று சொல்லாதீர்கள். முதல் வாக்கியத்தைப் பிள்ளை மதிக்கும். இரண்டாவது வாக்கியம் பக்கத்து வீட்டுப் பையன் படித்துவிட்டு ஜாலியாகத் திரிவதைப் பார்க்கும் வரைக்கும்தான் தாங்கும்.

9. நார்னியா மாதிரி பக்திமான்கள் எழுதினது மட்டும் படிக்கலாம்னு சொல்றாங்களே?

நார்னியா எழுதிய சி. எஸ். லூயிஸ் தீவிரக் கிறிஸ்தவர், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கின் கத்தோலிக்கர். இரண்டு பேர் கதையிலும் மந்திரவாதிகள் உண்டு. எழுதியவரின் நம்பிக்கையை வைத்துப் பிரிப்பதைவிட, கதை மந்திரத்தை எப்படி நடத்துகிறது என்று பார்ப்பது பயன் தரும். 1955-ல் வந்த ஒரு நார்னியா நாவலில் ஆண்ட்ரூ மாமா என்று ஒருவர் வருகிறார். வீட்டு மாடியில் ரகசியமாக மாந்திரீக ஆராய்ச்சி. தானே சோதித்துப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல், ஒரு சிறுமியை ஏமாற்றி மோதிரத்தைத் தொடவைத்து வேறு உலகத்துக்கு அனுப்பிவிடுவார். கோழை, தற்பெருமைக்காரர், கடைசியில் கேலிப் பொருள். மாந்திரீகத்தில் இறங்குகிறவர்களைப் பற்றி இதைவிடக் கடுமையாக ஒரு போதகரால்கூடப் பேச முடியாது.

மத நோக்கமே இல்லாத உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய எர்த்ஸீ நாவலில், கெட் என்ற மாணவன் சக மாணவனிடம் பெருமையடிக்க இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை மூட முயன்ற தலைமை ஆசான் உயிரை விடுகிறார். அந்த நிழல் அவனைத் துரத்துவதுதான் மீதிக் கதை. இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளைக்கு ஆவியைக் கூப்பிட ஆசை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹாரி பாட்டரிலும் குறிசொல்லும் ஆசிரியையை அரைப் போலியாகத்தான் காட்டியிருக்கிறார்கள் (இரண்டு முறை மட்டும் அவர் சொன்னது பலிக்கும்). வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவி அந்தப் பாடமே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாள்.

10. பொண்ணு குச்சியை வச்சுக்கிட்டு நாள் முழுக்க மந்திரம் போடறா.

போடட்டும். நீங்கள் தவளையாக மாறாதவரை பிரச்சினை இல்லை. சில வாரத்தில் குச்சி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

11. படிச்சிட்டு ராத்திரி தனியா படுக்கப் பயப்படறான். இது அந்தப் புத்தகம் பண்ற வேலைதானே?

ஆமாம், இது புத்தகம் செய்த வேலைதான். மறுக்க மாட்டேன். 3-ம் கேள்வியில் சொன்ன பெட்டிக்குள் பூதம் இதேதான். "அதெல்லாம் கதைடா" என்று நீங்கள் சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும், ஏனென்றால் அது அவனுக்கே தெரியும். எந்தப் பக்கம், எந்தக் காட்சி என்று கேட்டு, பகலில் அதைச் சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள். சில பிள்ளைகளுக்கு அந்தப் பூதத்தை வரைந்து தலையில் ஒரு கோமாளித் தொப்பி போட்டால் சரியாகிவிடும்.

பல வாரங்கள் தூக்கம் கெட்டால் அந்தப் புத்தகத்தை ஒரு வருடம் ஒத்திப்போடுங்கள். பிள்ளையிடம் வேறு கவலை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளியில் யாரோ மிரட்டுவதைச் சொல்லத் தெரியாமல், பூதம் பயமுறுத்துவதாகச் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

12. பதிமூணு வயசுல டாரட் சீட்டு, ராசிபலன் செயலின்னு ஆரம்பிச்சிருக்கா. அஞ்சு வருஷம் மந்திரக் கதை படிச்சதோட விளைவுதானே?

டாரட் 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத் தொடங்கியது. குறி பார்ப்பது 18-ம் நூற்றாண்டுப் பிரான்சில் சேர்ந்துகொண்ட சரக்கு. இதை முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவளே ஆச்சரியப்படுவாள்.

பதின்மூன்று வயதில் "நான் யார், என்னை யாருக்குப் பிடிக்கும், நாளைக்கு என்ன ஆவேன்" என்ற மூன்று கேள்விகளும் பசி மாதிரி அரிக்கும். யார் பதில் சொல்கிறேன் என்று வந்தாலும் காது கொடுப்பார்கள். மந்திரக் கதை ஒன்றுகூடப் படிக்காத தோழியும் அதே செயலியைத்தான் வைத்திருப்பாள், விசாரித்துப் பாருங்கள். கைப்பேசி அதைத் தள்ளிவிடும் வேகத்துக்கு நாவல் எல்லாம் மாட்டுவண்டி.

திட்டுவதற்குப் பதில் ஒரு சோதனை செய்யலாம். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் "உங்கள் தனிப்பட்ட குணவிவரம்" என்று ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. உண்மையில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். வரிகளில் பல ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மகளின் தோழிகள் ஐந்து பேருக்கு ராசிப் பெயரை அடித்துவிட்டு ஒரே பலனை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வாசிப்பில் செய்து பார்த்தோம். ஒரு மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை.

13. நண்பர்கள் சேர்ந்து ஓஜா போர்டு வச்சு ஆவி கூப்பிட்டாங்களாம். டம்ளர் நிஜமாவே நகர்ந்துச்சாம். இப்ப என்ன சொல்றீங்க?

நகர்ந்திருக்கும். (எழுத்துகள் போட்ட பலகையில் டம்ளரைக் கவிழ்த்து, எல்லாரும் அதன்மேல் விரல் வைத்து ஆவியிடம் கேள்வி கேட்பதுதான் இது. டம்ளர் எந்த எழுத்துக்குப் போகிறதோ அதுதான் பதிலாம்.) பொய் சொல்கிறார்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நகர்த்தியது அவர்கள் விரல்கள், அவர்களுக்கே தெரியாமல். எதிர்பார்ப்பு மட்டுமே தசையை மெல்ல அசைத்துவிடும் என்று 1852-ல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற உடலியலாளர் விளக்கினார். மறுவருடம் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, ஆவியால் மேசை நகர்கிறது என்று நம்பியவர்களின் கைக்கும் மேசைக்கும் நடுவே ஒட்டிய அட்டைகளை வைத்தார். கைதான் முதலில் நகர்கிறது என்று அட்டைகள் காட்டிக்கொடுத்தன. கை நகர்வதைக் காட்டும் முள் ஒன்றை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேசை நின்றுவிட்டது.

வீட்டிலும் செய்யலாம். எல்லார் கண்ணையும் கட்டி, பலகையைச் சத்தமில்லாமல் திருப்பி வையுங்கள். ஆவிக்கு எழுத்து மறந்துபோகும். இந்தப் பலகைக்கு 1891-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, வீட்டுப் பொழுதுபோக்காகவே விற்றார்கள். விளையாடிய பிறகு ஒரு பிள்ளை மட்டும் பயந்து ஒடுங்கியிருந்தால், அதிலும் "நீ சாகப் போகிறாய்" என்பது மாதிரி எழுத்து வந்திருந்தால், விளக்கம் எல்லாம் அப்புறம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள்.

14. அப்படின்னா ஒரு பிள்ளைகூட இதனால திசை மாறினதே இல்லைன்னு அடிச்சுச் சொல்றீங்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கானவர் படித்த ஒன்றிலிருந்து யாராவது ஒருவர் எங்காவது போயிருப்பார். துப்பறியும் கதை படித்துப் போலீஸ் ஆனவரும் இருப்பார், பூட்டை உடைத்தவரும் இருப்பார்.

நான் கவனிக்கச் சொல்வது புத்தக அலமாரியை அல்ல. 2-ம் கேள்வியில் சொன்ன மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்: நம்பிக்கை, பணம், ரகசியம். இணையத்தில் யாரோ ஒரு பெரிய ஆள் பிள்ளையோடு தனியாகப் பேசி "உன்னிடம் விசேஷ சக்தி இருக்கிறது, வீட்டில் சொல்லாதே" என்கிறாரா? சடங்குப் பொருள் வாங்கப் பணம் போகிறதா? சாபம் வரும் என்ற பயத்தில் எதையாவது செய்கிறாளா? பழைய நண்பர்கள் காணாமல் போகிறார்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே தலையிட வேண்டும். அங்கே ஆபத்து அந்த ஆள், சூனியம் அவர் போட்டிருக்கும் வேஷம். வேறொரு பிள்ளையிடம் அவர் மாடலிங் வாய்ப்பு என்று வந்திருப்பார். எந்நேரமும் அறைக்குள் புத்தகத்தோடு இருக்கிறான் என்பது மட்டுமே அறிகுறி ஆகாது. அது வாசகன்.

15. மந்திரத்தை விடுங்க, கொலை, சித்திரவதை எல்லாம் வருதே?

இதைத்தான் முதல் பதிலில் சொன்னேன். இந்தக் கேள்வியை ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. பத்து வயதில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. சமீபத்தில் வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால், பெற்றோரை இழந்த நாயகன் கதை ஒரு பிள்ளைக்கு ஆறுதல், இன்னொரு பிள்ளைக்குப் பாரம். அட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பாமல் முதல் ஐம்பது பக்கத்தை நீங்களே புரட்டுங்கள்.

16. என்ன இருந்தாலும் குழந்தைங்கதானே, சுலபமா ஏமாந்துடுவாங்க?

1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் எல்ஸி என்ற பதினாறு வயதுப் பெண்ணும் அவள் உறவுக்காரச் சிறுமி ஒன்பது வயது ஃபிரான்சஸும் ஓடைக்கரையில் தேவதைகளோடு இருப்பதாகப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் அதை நம்பினார். 1920-ல் பத்திரிகையில் கட்டுரை எழுதினார், பிறகு ஒரு நூலே எழுதினார். 1983-ல் இருவரும் பாட்டிகளாகி உண்மையைச் சொன்னார்கள்: குழந்தைகளுக்கான ஒரு படக்கதைத் தொகுப்பைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை அவை. அந்தத் தொகுப்பில் டாயிலின் கதையும் ஒன்று இருந்தது! அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்ட பிறகு எப்படி வாய் திறப்பது என்ற சங்கடத்திலேயே அத்தனை வருடம் சும்மா இருந்திருக்கிறார்கள்.

17. வம்பே வேண்டாம்னு மந்திரம் இல்லாத கதையா மட்டும் கொடுத்தா?

தாராளமாகக் கொடுங்கள், நல்ல கதைகள் ஏராளம். ஆனால் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும், கூடு விட்டுக் கூடு பாய்வதையும், அலாவுதீன் விளக்கையும், கிரிம் சகோதரர்கள் 1812-லிருந்து தொகுத்த கதைகளையும் சேர்த்து மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பாட்டி சொன்னால் சரி, அச்சில் வந்தால் தப்பு என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு சுடுகாட்டில் நடக்கும் அரசன் கதையை நாம் சோறு ஊட்டும்போது கேட்டு வளர்ந்தவர்கள்தானே?

18. மந்திரம் நிஜமான்னு பிள்ளை கேட்டா என்ன சொல்றது?

நீங்கள் என்ன நம்புகிறீர்களோ அதை நேர்மையாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பல சமயம் பிள்ளை கேட்க வந்தது அது இல்லை.

ஒருநாள் வாசிப்பு முடிந்ததும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் இதே கேள்வியோடு வந்தாள். நானும் பெரிய விளக்கத்துக்குத் தொண்டையைச் செருமினேன். அவள் இடைமறித்து, "இல்லைன்னு தெரியும். ஒருவேளை இருந்து, ஒரே ஒரு தடவைதான் பண்ணலாம்னா நீங்க எதுக்குப் பண்ணுவீங்க?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அம்மா அழைத்துப் போக வரும்வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மறக்காமல் கேட்டாள்.